லென்ஸ் வாங்கும் முன்: குளக்கரை நடையும் அடுப்படி ஜன்னலும்

பொருநைக்கரை எழுதியது:

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது ‘அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?’ அடுத்து கேட்பது ‘எங்கே போனால் நல்ல படம் கிடைக்கும்?’ இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். நடந்து போகிற தூரத்தில் ஒரு குளமோ வாய்க்காலோ தோப்போ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஒரு ஜன்னலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் அந்த இரண்டு இடத்திலும் விடாமல் எடுங்கள். அதற்கப்புறமும் லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால், எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் இருப்பது திருநெல்வேலி டவுனில். எனக்கு வாய்த்தது நயினார்குளம். நெல்லையப்பர் கோயில் பக்கமிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் காய்கனி மார்க்கெட் இரைச்சல், லாரி ஹாரன். தண்ணீர்ப் பக்கம் திரும்பினால் நாமக்கோழி, தாழைக்கோழி, நீர்க்காகம். தை, மாசியில் குளம் நிறைந்து கிடக்கும்போது மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும். மீன் அலகில் தட்டுப்பட்ட நொடியில் மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிக்கிற பறவை இல்லை அது, தொட்டுப் பிடிக்கிற பறவை. இது தெரிந்தவருக்கு எந்த நொடியில் பட்டனை அழுத்த வேண்டும் என்பதும் தெரியும். அலகு நின்றால் மீன்.

நான் அதிகம் எடுத்தது மடையானைத்தான். எல்லாக் குளத்திலும் இருக்கிற பறவை என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கரையில் நிற்கும்போது மண் நிறம், பறக்கத் தொடங்கியதும் முழு வெள்ளை. மண் நிறத்துக்கு அளவு வைத்திருந்த எக்ஸ்போஷரில் (கேமரா உள்ளே விடுகிற வெளிச்ச அளவில்) அந்த வெள்ளை இறக்கை வெளுத்து ஒன்றும் இல்லாமல் போகும். அதனால் அது நிற்கும்போதே வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஸ்டாப் என்பது வெளிச்ச அளவின் ஒரு படி) குறைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு அடர்ந்த அரக்கு நிறமாக மாறும். ஒரே குளத்துக்கு வருஷம் பூராவும் போகிறவர்தான் இந்த நிறமாற்றத்தைப் படிப்படியாகப் படம் பிடிக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு. எங்கள் அடுப்படியில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஒரு பலகை போட்டு அங்கேதான் எல்லாப் படமும். குளத்தில் பழகிய கைதான் தாளிப்புக்கும் உதவுகிறது. கடுகு வெடிப்பது சில நொடி. ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் வைத்துத் தயாராக இருந்தால் எண்ணெயிலிருந்து கடுகு எழும்புவதும் கறிவேப்பிலை விழுந்ததும் தெறிக்கிற துளியும் கிடைக்கும்.

உங்கள் பக்கத்துக் குளம் எது, ஜன்னல் எது? எழுதுங்கள்.

புதுக்கேமரா எழுதியது:

அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில் கல்லூரி படிக்கிறேன். கேமராவோடு வந்த 18-55 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. பறவை எல்லாம் புள்ளியாகத்தான் விழுகிறது. கிட்டே போனால் பறந்துவிடுகிறது. நீங்கள் சொல்கிறபடி ஒரு வருஷம் எடுத்தால் ஒரு வருஷத்துப் புள்ளிகள்தானே மிஞ்சும்? கோபப்படாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

நொய்யல் எழுதியது:

தம்பி கேட்பது நியாயம்ங்க. நான் கோயம்புத்தூர். சிங்காநல்லூர்க் குளம், உக்கடம் பெரியகுளம் இரண்டுக்கும் நிறையப் போயிருக்கிறேன். 400 மில்லிமீட்டர் நீண்ட லென்ஸாவது இல்லாமல் தண்ணீர்ப் பறவை எடுப்பது கஷ்டம்ங்க. இதை மூடி மறைத்துப் புதியவர்களிடம் ‘கிட் லென்ஸே போதும்’ என்று சொல்வது சரியில்லை.

இன்னொன்று. பக்கத்திலேயே எடுங்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மனசு சலித்துப் போகும். எனக்கு ஆர்வம் பிடித்ததே வால்பாறையில். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கேமராவையே கையில் எடுத்தேன். இருவாச்சி தலைக்கு மேல் பறக்கும்போது இறக்கைச் சத்தம் ரயில் இன்ஜின் மாதிரி கேட்கும். அதை ஒரு முறை கேட்டவன் நாமக்கோழியோடு திருப்திப்பட மாட்டான்ங்க. ஊர் சுற்றுவதும் இந்தப் பொழுதுபோக்கில் பாதி.

அம்பை அடுப்படி எழுதியது:

குளத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள், அடுப்படியைப் பற்றி நான் பேசுகிறேன். ஊர் அம்பாசமுத்திரம். சமையல் என் வேலை, படம் எடுப்பது அதன் பிறகு வந்த ஆசை. அதனால் வரிசை எனக்கு மாறாது: சாப்பாடு முதலில், படம் அப்புறம்.

தாளிப்பைப் படம் எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றால் கடுகு கருகும். கருகின கடுகு கசக்கும், அந்தக் கசப்பு குழம்பு முழுக்க இறங்கும். தம்பிகளே, ஒருவர் தாளிக்கட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் ஸ்டாண்டில் மாட்டி டைமர் வையுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே லென்ஸைக் கொண்டுபோகவே கூடாது. ஆவியோடு எண்ணெய் கண்ணாடியில் படிந்தால் துடைத்தாலும் சீக்கிரம் போகாது.

நான் ரொம்பப் போராடியது சொதியோடு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டில் சொதிச் சாப்பாடுதான். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்து, இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்தது சேர்ந்து, கடைசியில் முதல் பால் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான். ருசி எவ்வளவோ, படத்தில் பார்த்தால் வெளுத்துப்போன கஞ்சி. எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றினால் இன்னும் மோசம், கிண்ணத்தில் ஜன்னலும் தெரியும், நானும் தெரிவேன், பின்னால் மாட்டியிருக்கிற காலண்டரும் தெரியும்.

சரியாக வந்தது மண்சட்டியில். சட்டியின் கருப்பு விளிம்புக்குள் பால் நிறம் தனியாக எடுத்துக் காட்டியது. காயெல்லாம் உள்ளே முங்கிப் போகும், அதனால் முருங்கைக்காய் இரண்டு, கேரட் நாலு துண்டை மேலே வருகிற மாதிரி கரண்டியால் தூக்கி வைப்பேன். இஞ்சிப் பச்சடியைப் பக்கத்தில் வைத்தால் அந்த அடர்ந்த நிறம் சொதியை இன்னும் தூக்கிக் கொடுக்கும். இவ்வளவும் சாப்பிடப் போகிற சாப்பாடுதான். படத்துக்கென்று கிளிசரின் தடவுவது, வேகாத காயை அடுக்குவது என்று விளம்பரக்காரர்கள் செய்வதை வீட்டில் யாரும் செய்யாதீர்கள். சாப்பிட முடியாததைப் படம் எடுத்து என்ன செய்வது?

பொருநைக்கரை எழுதியது:

அக்கா, தாளிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நான் எடுக்கும்போது தாளிப்பது வீட்டுக்காரி. அதை எழுதியிருக்க வேண்டும், புதியவர்கள் தனியாக முயன்று கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

நொய்யல், 400 இல்லாமல் கஷ்டம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பறவையின் கண்ணும் இறகும் சட்டம் முழுக்க நிறைய வேண்டும் என்றால் நீண்ட லென்ஸ் வேண்டும். ஆனால் பறவைப் படம் என்றாலே அது மட்டும்தான் என்று ஆகிப்போனதுதான் எனக்கு வருத்தம். குளம், கரை, பனை, வானம், அதில் ஓர் ஓரத்தில் வரிசையாகப் பறக்கிற உண்ணிக்கொக்கு. அந்தப் படத்தில் பறவை எங்கே வாழ்கிறது என்பது இருக்கிறது. 600 மில்லிமீட்டரில் எடுத்த முகத்தில் அது இருக்காது.

புதுக்கேமரா தம்பிக்கு: பாளையங்கோட்டையில் இருந்து குறுக்குத்துறை பக்கம்தான். தாமிரபரணிக் கரையில் மருத மரங்கள் நிற்கின்றன. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் இருக்கிறது. கிட் லென்ஸுக்கு அங்கே வேலை தீராது. ஒரே படிக்கட்டில் நின்று மாதத்துக்கு ஒரு படம் எடு. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த பிறகு ஆறு ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் வேறு மாதிரி, பங்குனியில் பாறை வெளியே வந்து கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கோயிலே முங்கியது உனக்கு நினைவிருக்கும். வெள்ளத்துக்கு முன்னால் அதே படியில் நின்று எடுத்த படம் என்னிடம் இருந்ததால்தான், தண்ணீர் வடிந்த பிறகு எந்தக் கரை அரித்தது, எந்த மரம் போனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அந்தப் படங்களை எடுக்க விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை, முன்னமே அங்கே போய்க்கொண்டிருந்தால் போதுமாக இருந்தது.

அப்புறம் தும்பி. கிட் லென்ஸை 55இல் வைத்தால் கால் மீட்டர் தூரம் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். கரையோரம் ஒரு குச்சியில் தும்பி உட்கார்ந்திருந்து, நீ போனதும் பறந்துவிட்டால் நீ நகராதே. அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார். அந்த வகைத் தும்பிகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே குச்சிக்கு வரும். காலை ஏழு மணிக்குள் போனால் பனி ஒட்டிய இறக்கையோடு அசையாமலேயே இருக்கும்.

பறவையை நெருங்குவதும் இதே மாதிரிதான். நின்றுகொண்டு நேராக அதை நோக்கி நடந்தால் பறக்கும். அது மேய்ந்துகொண்டே வருகிற திசையைப் பார்த்து, முன்கூட்டியே போய்க் கரைச் சரிவில் உட்கார்ந்துவிடு. சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பறவை அவ்வளவாகச் சட்டை செய்யாது. படத்துக்கும் அதுதான் நல்லது, மேலேயிருந்து எடுத்தால் சேறு பின்னணி, அதன் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் எதிர்க்கரை பின்னணி. எல்லாவற்றையும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடு. வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் காற்று நெளியும், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் விழும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

பேச்சு நல்ல திசையில் போகிறது. நடுவில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் இங்கே ஒருவர் தையல் சிட்டின் கூட்டைப் படமெடுத்துப் போட்டிருந்தார். குஞ்சுகள் வாய் திறந்திருந்தன, நிறையப் பாராட்டும் வந்தது. அந்தப் படத்தில் தைத்திருந்த இலையை ஒரு பக்கம் விலக்கிக் கட்டியிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

அந்தச் சிட்டு இலையோரத்தில் துளை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைப்பதே கூடு வெளியே தெரியக் கூடாது என்பதற்குத்தான். நாம் விலக்கினால் உள்ளே வெயில் விழும். காகத்துக்கும் செண்பகத்துக்கும் (செம்போத்துப் பறவை) வழி காட்டியதாகிவிடும். செண்பகம் பார்க்க அழகாக இருந்தாலும் முட்டையையும் குஞ்சையும் விடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதைச் சேர்த்திருக்கிறார்கள். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்று நினைக்க வேண்டாம்.

கூடு கட்டும் பறவையை எடுக்க ஆசையிருந்தால் கூந்தன்குளம் போங்கள். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது, 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி போடுவதில்லை. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். தெருவில் நின்றபடியே பார்க்கலாம், எதையும் விலக்க வேண்டியதில்லை, யாரையும் விரட்ட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. கல்லெறிந்து பறக்கவிட்டு எடுக்க நினைப்பவர்கள் அங்கே போகவே வேண்டாம்.

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் இதே கணக்குத்தான். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. நமக்கு ஒரு படம், அதற்கு ஒரு காலைப் பொழுது வீண்.

புதுக்கேமரா தம்பி ‘புள்ளி’ என்று எழுதியிருந்தார். தம்பி, அந்தப் புள்ளிக்கும் மதிப்பு இருக்கிறது. பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்டு இணையதளத்தில் பட்டியல் போட்டு அதோடு அந்தப் படத்தையும் சேருங்கள். அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும், மங்கலான படமும் சான்றுதான். 2015இலிருந்து பொங்கல் சமயத்தில் நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் கால் மணி நேரமாவது நின்று பார்த்ததையெல்லாம் எண்ணிப் பதிய வேண்டும், அவ்வளவுதான். மொட்டை மாடியில் நின்றும் செய்யலாம். நம் மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011இலிருந்து ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. படம் எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் வந்தால் கூட்டத்துக்குப் பெரிய உதவி. ‘அது எந்த உள்ளான்?’ என்று கரையில் நின்று தர்க்கம் பண்ணாமல், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்துவிடலாம்.

இவ்வளவு எழுதிவிட்டு மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1912இல் இதே திருநெல்வேலியில் பிறந்தவர். இந்தியாவின் காட்டுயிர்ப் புகைப்படத்தில் முன்னோடி. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே கோத்துக்கொண்ட கேமராவை வைத்துக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். யானையை எடுத்த அதே அக்கறையோடு ஊர்க் குருவியையும் அணிலையும் தெருநாயையும் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1996இல் காலமாகும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். பொருநைக்கரை சொல்வது புதிதில்லை, நம் ஊர்க்காரர் ஒருவர் வாழ்ந்து காட்டியது.

நொய்யல் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மறுபேச்சு இல்லைங்க. கூட்டுப் படத்துக்கு நானும் அன்றைக்கு ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போனேன், கட்டியிருந்த நூலைக் கவனிக்கவில்லை. அந்தப் பாராட்டை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஊர் சுற்றுவதைப் பற்றிய என் வாதத்தை யாரும் இன்னும் உடைக்கவில்லை. தமிழ் மறவன் என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது, 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால்தான் பார்க்க முடியும். நயினார்குளத்தில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் வராது. பார்க்க வேண்டியது பார்க்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

பொருநைக்கரை எழுதியது:

போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை நொய்யல். போகும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மலையில் தமிழ் மறவன் உங்கள் முன்னால் ஓர் இலையில் உட்காருகிறது. எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. அந்த நேரத்தில் கை தானாக எக்ஸ்போஷர் டயலுக்குப் போக வேண்டும், உடம்பு தானாகக் குந்த வேண்டும், உங்கள் நிழல் அதன் மேல் விழுகிறதா என்று கால் தானாகப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தை எங்கே போய்ப் பழகினீர்கள்? நீங்களே எழுதினீர்கள், சிங்காநல்லூருக்கு நிறையப் போயிருக்கிறேன் என்று. வால்பாறை உங்களுக்கு ஆசையைக் கொடுத்திருக்கலாம், கையைக் கொடுத்தது சிங்காநல்லூர்தான் என்று எனக்குப் படுகிறது.

புதுக்கேமரா எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி, பொங்கலுக்குக் கண்டிப்பாக வருகிறேன். அண்ணாச்சி சொன்ன தும்பி வேலை செய்தது. குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், திரும்ப வந்தது. சிவப்புத் தும்பி, கண்ணில் இருக்கிற கட்டங்கள்கூட லேசாகத் தெரிகின்றன!

இப்போது அடுப்படிக் கேள்வி. அம்மா உளுந்தஞ்சோறு செய்தார்கள். டியூப் லைட் போட்டு எடுத்தேன். சோறு ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. ஆவியும் தெரியவில்லை, சூடாகத்தான் இருந்தது. அம்பை அக்கா சொல்லுங்கள்.

அம்பை அடுப்படி எழுதியது:

டியூப் லைட்டை முதலில் அணை. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் இன்னொரு நிறம். இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் கேமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? அப்புறம் எவ்வளவு ஒயிட் பேலன்ஸ் திருகினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும். பச்சை எங்கிருந்து வந்தது என்று யூகிக்கிறேன், வாழையிலையில் பரிமாறினாயா? இலையில் பட்ட வெளிச்சம் சோற்றில் பச்சையாகத் திரும்பி விழும். வெள்ளைச் சோறு என்றால் அப்பட்டமாகத் தெரியும். காய்ந்த மந்தாரை இலை கிடைத்தால் அதில் வை, அந்தப் பழுப்பு நிறத்துக்கு உளுந்தஞ்சோறு கச்சிதம். இல்லையென்றால் வெண்கலத் தட்டு.

தட்டுக்கு ஒரு பக்கம் ஜன்னல். மறுபக்கம் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை நிறுத்து, கடையில் வாங்கின பொருளோடு வருகிற தெர்மாகோலும் போதும். நிழல் பக்கம் லேசாக வெளிச்சம் ஏறி, கருப்பு உளுந்துத் தோல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இதைத் தெரிய வைப்பதுதான் உளுந்தஞ்சோற்றுப் படத்தின் உயிர். தோல் போன வெள்ளை உளுந்தில் செய்தால் அது உளுந்தஞ்சோறே இல்லை என்பேன் நான். நன்றாக வறுத்த தோல் உளுந்து, பூண்டு முழுசு முழுசாக, வெந்தயம் கொஞ்சம், இறக்கும்போது தேங்காய்த் துருவல், சுடச்சுட நல்லெண்ணெய். எண்ணெயை ஊற்றின உடனே எடு, சோற்றின் மேல் பளபளப்பு இருக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு மங்கிவிடும். எள்ளுத் துவையல் கருப்பு உருண்டையாக இருந்தால் படத்தில் ஓட்டை மாதிரி தெரியும். விரலால் லேசாக அழுத்திப் பரப்பி வை, மேடு பள்ளத்தில் வெளிச்சம் பிடிக்கும்.

ஆவிக்கு இரண்டு காரியம் வேண்டும். வெளிச்சம் தட்டுக்குப் பின்பக்கம் இருந்து வர வேண்டும், அந்த ஆவிக்குப் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். நீ வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்திருப்பாய். ஒரு பழைய கருப்புத் துணியைத் தொங்கவிட்டு, ஜன்னலை எதிரில் பக்கவாட்டாக வைத்து எடு. மார்கழிக் காலையில் ஆவி நன்றாகச் சுருண்டு வரும், சித்திரையில் அதே சூட்டுக்குப் பாதிகூடத் தெரியாது.

முக்கியமான ஒன்று. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளிச்சம் தேடாதே. அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதே காலித் தட்டை அங்கே வை. அதில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து ஃபோகஸ், வெளிச்சம், அட்டை எல்லாம் சரிபார். சோறு வந்ததும் நாலு படம். முடிந்தது, உட்கார்ந்து சாப்பிடு. ஆறின உளுந்தஞ்சோற்றைச் சாப்பிட வைத்தால் அம்மா அடுத்த தடவை உன்னை அடுப்படிப் பக்கமே விட மாட்டாள்.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

அக்கா சொதி என்று எழுதினதைக் கண்டு நிற்க முடியவில்லை. எங்கட பக்கத்துச் சொதி வேறு. பருப்பு, மரக்கறி எல்லாம் போட மாட்டோம். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ப்பால், இறக்கிப்போட்டுத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சம்பழச் சாறு). காலையில் இடியப்பத்துக்கு விட்டுச் சாப்பிடுவது. தண்ணியாக இருக்கும், மஞ்சள் நிறம். கமராவுக்கு உங்கட சொதியைவிட இதுதான் வடிவாக விழும் என்று நினைக்கிறன், வெள்ளை இடியப்பத்தின்ர சிக்கலுக்குள்ள மஞ்சள் இறங்குவதை ஜன்னலடியில் வைத்து எடுத்தால் போதும்.

குளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்குக் குளத்தோடு கடனீரேரியும் (கடலோரத்து உப்புநீர் ஏரி) உண்டு. மாரி காலத்தில் மன்னார்ப் பக்கம் பூநாரை வரும். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. றோட்டில் இருந்தே காணலாம். கிட்டப் போகத் தேவையில்லை, கூட்டமே ஒரு இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அந்தத் தம்பியின்ர 18-55 அதுக்குத் தாராளமாகக் காணும்.

அம்பை அடுப்படி எழுதியது:

தம்பி, உங்கள் சொதியைச் செய்து பார்க்கிறேன். மஞ்சள் எவ்வளவு போடுவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தான் பழக்கம்.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

இரண்டு பேருக்குக் கால் தேக்கரண்டி காணும் அக்கா. கூடினால் கைக்கும்.

நொய்யல் எழுதியது:

பொருநைக்கரை அண்ணா, சிங்காநல்லூர்தான் கையைக் கொடுத்தது என்று எழுதினீர்களே, இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை அங்கே போனேன்ங்க. 18-55ஐ மட்டும் மாட்டிக்கொண்டு. பாதாளக் கரண்டி மாதிரி நீண்ட லென்ஸ் இல்லாமல் முதலில் கை வெறுமையாக இருந்தது. பிறகு மீன்பிடி வலையை உதறுகிற ஒருவர், அவரைச் சுற்றி நிற்கிற கொக்குகள், அதை எடுத்தேன். கொக்கு அவரைக் கண்டு பயப்படவில்லை, அவர் கீழே போடுகிற பொடி மீனுக்குக் காத்திருக்கிறது. 400இல் எடுத்திருந்தால் கொக்கு மட்டும் வந்திருக்கும், வலைக்காரர் வந்திருக்க மாட்டார். வால்பாறையை விட மாட்டேன், ஆனால் இதையும் விட மாட்டேன்.

ஒரு சந்தேகம். சித்திரை, வைகாசியில் குளம் வற்றிவிடுமே, அப்போது என்ன செய்வீர்கள்?

பொருநைக்கரை எழுதியது:

அந்த வலைக்காரர் படத்தை இங்கே போடுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

குளம் வற்றும்போதுதான் எனக்கு வேலை அதிகம். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன் எல்லாம் ஒரு மூலைக்கு வரும், பறவையும் அங்கேயே கூடும். நத்தைக்குத்தி நாரை சேற்றில் நத்தை தேடும். அதன் இரண்டு அலகுக்கும் நடுவில் தெரிகிற இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான் இருக்கும், இளசுக்கு இருக்காது. அதை வைத்து வயது பிரித்து எடுக்கலாம். முழுக்க வற்றி வெடித்த பிறகு செம்மூக்கு ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிட ஆரம்பிக்கும். அப்போது குளத்துக்குள் நான் இறங்க மாட்டேன். முட்டை மண்ணாங்கட்டி மாதிரியே இருக்கும், தெரியாமல் மிதித்துவிடுவோம். கரையிலிருந்தே முடித்துக்கொள்வேன்.

வீட்டில் அது வடக மாசம். மொட்டை மாடியில் வெங்காய வடகம், கூழ் வற்றல், மோர் மிளகாய் எல்லாம் காயும். உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள். காலை ஆறரைக்கு, துணியில் பிழிந்த ஈரம் மாறுவதற்கு முன்னால், சூரியன் தாழ்வாக இருக்கும்போது பக்கவாட்டில் குந்தி எடுங்கள். ஒவ்வொரு வற்றலுக்கும் நீளமாக ஒரு நிழல் விழும், பிழிந்த சுற்று எல்லாம் வரிவரியாகத் தெரியும். நல்ல வெயில் ஏறிய பிறகு காகம் வரும், அதை விரட்ட ஆள் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6 வைத்தால் ஷட்டர் 1/2000க்கு மேல் போய்விடும், காகம் வற்றலைக் கொத்திக்கொண்டு எழும்புவது இறகு இறகாக நிற்கும். கேமராவை மட்டும் வெயிலில் வைத்துவிட்டு வராதீர்கள், எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய் மூடி வையுங்கள்.